13 மணி நேரத்துக்குள் 14 மணி நேர வேலை

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவு. அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரெக்கார்ட் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, நீல மையில் எழுதிய பட்டியல். திங்கள்: டி.பி.எம்.எஸ். அசைன்மென்ட். செவ்வாய்: ஓ.எஸ். லேப் ரெக்கார்ட், 7 பயிற்சிகள் பாக்கி. புதன்: அல்காரிதம்ஸ் இன்டர்னல். அதே நாள் இரவுக்குள் என்பிடெல் வாராந்தர அசைன்மென்ட். வெள்ளி: சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஒரு பிரசன்டேஷன். சனி, ஞாயிறு: பக்கத்துக் கல்லூரியில் 24 மணி நேர ஹேக்கத்தான். தாளின் ஓரத்தில் பென்சிலால், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோலச் சின்னதாக, "டி.ஓ.சி. யூனிட் 2 – ஒண்ணும் புரியல."

படத்தைத் தொடர்ந்து ஒரு குரல் பதிவு. "சித்தப்பா, இதுல எதை முதல்ல முடிக்கிறது?"

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு நான்காவது செமஸ்டர் கொஞ்சம் கனமானது. அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் (பட்டியலில் டி.ஓ.சி.), டேட்டாபேஸ் (டி.பி.எம்.எஸ்.), செயற்கை நுண்ணறிவு, ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கூடவே இரண்டு லேப். வேடிக்கை என்னவென்றால், அவள் என்னிடம் கேட்ட கேள்வியே அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் ஒரு பகுதி. ஒரே ஒரு செயலி இருக்கிறது, வரிசையில் பல வேலைகள் நிற்கின்றன, எதை எப்போது ஓட்டுவது? செவ்வாய்க்கிழமைக்குள் அவள் எழுத வேண்டிய ஏழு லேப் பயிற்சிகளில் இரண்டு அதைப் பற்றியவைதான். நேரமில்லாததால் அதை இன்னும் படிக்கவில்லை என்றாள்.

"நீயா இருந்தா எப்படி முடிவு பண்ணுவ?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எதுவோ அதைத்தான் இன்னிக்குப் பண்ணுவேன். எல்லாரும் அப்படித்தானே?"

எல்லாரும் அப்படித்தான். கெடு முந்தியதை முதலில் முடிப்பது. சோம்பேறித்தனத்தின் அடையாளமாக இதைப் பேராசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கணினி அறிவியலில் இதற்கு நல்ல பெயர் உண்டு. 1973-இல் லியு, லேலண்ட் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, திரும்பத் திரும்ப வரும் வேலைகளை ஒரே செயலியில் ஓட்டும்போது, கெடு முந்தியதையே எப்போதும் முதலில் எடுத்தால் ஒரு கெடுவும் தவறாது என்று கணிதமாக நிறுவியது. செயலியின் முழுக் கொள்ளளவையும், கடைசி நொடிவரை, பயன்படுத்திக்கொள்ளலாம். வேறெந்த வரிசை கெடுக்களைக் காப்பாற்றுமோ, அதை இந்த வரிசையும் காப்பாற்றிவிடும். யாரும் சொல்லித்தராமலே மாணவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் உத்தி, நிரூபிக்கப்பட்ட உத்தி.

அந்த நிரூபணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மொத்த வேலை, இருக்கும் நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் மட்டும் கெடும் என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்குப் போட்டால் கதை வேறு.

நான்கு வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலைக்கு 5 மணி நேரம் தேவை, ஆனால் 4-ஆவது மணியில் கெடு. மற்ற மூன்றுக்கும் தலா 3 மணி நேரம் போதும். கெடுக்கள் 7, 10, 13-ஆவது மணிகளில். ஆக, 13 மணி நேரத்தில் 14 மணி நேர வேலை. ஒரே ஒரு மணி நேரம்தான் அதிகம். கெடு முந்தியதை முதலில் எடுக்கிறோம். முதல் வேலை 5-ஆவது மணியில் முடிகிறது: தாமதம். இரண்டாவது 8-இல்: தாமதம். மூன்றாவது 11-இல்: தாமதம். நான்காவது 14-இல்: அதுவும் தாமதம். நான்கும் போயிற்று. நான்கிலும் ஒரு மணி நேரம் பிந்தி, நான்கு இடத்திலும் "சார், ஒரே ஒரு மணி நேரம்தான் சார்" என்று கெஞ்ச வேண்டும்.

இப்போது முதல் வேலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள். 3-இல் ஒன்று, 6-இல் ஒன்று, 9-இல் ஒன்று. மூன்றும் கெடுவுக்கு முன்பே முடிகின்றன. ஓரமாக வைத்தது மட்டும் படுமோசமாகத் தாமதமாகிறது. நான்கு தோல்வியின் இடத்தில் ஒரே ஒரு தோல்வி.

1968-இல் ஜே. மைக்கேல் மூர் என்பவர் இதை ஒரு செய்முறையாகவே எழுதி வைத்தார். கெடு வரிசையில் வேலைகளை அடுக்கிக்கொண்டே போ. எந்த இடத்தில் முதன்முதலாக ஒரு கெடு தவறுகிறதோ அங்கே நில். அதுவரை அடுக்கியவற்றில் மிக நீளமான வேலையைத் தூக்கிப் போடு. மேலே போ. கெடு தவறும் வேலைகளின் எண்ணிக்கை இதைவிடக் குறைய வழியே இல்லை. கவனியுங்கள், தூக்கிப் போடுவது முக்கியமில்லாத வேலையை அல்ல, நீளமான வேலையை.

ஹாஸ்டல்களில் இதற்கு ஒரு நாட்டு வடிவம் உண்டு. "மச்சான், டி.ஓ.சி.-யை விட்டுட்டேன், அரியர் வெச்சு எழுதிக்கலாம்" என்பார்கள் சீனியர்கள், ஏதோ ஞானம் பெற்ற முகத்தோடு. மூரின் செய்முறைதானே இது என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூரின் உலகத்தில் தாமதமான வேலை எவ்வளவு தாமதமானாலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கவலையில்லை. அரியர் அப்படி இல்லை. அடுத்த செமஸ்டரின் ஆறு பாடங்களோடு ஏழாவதாக வந்து உட்காரும். இந்த செமஸ்டரின் சுமையைக் குறைத்த அதே முடிவு, அடுத்ததை 100 சதவீதத்துக்கு மேலே தள்ளிவிடும். எதைத் தூக்கிப் போடலாம் என்றால், தூக்கிப் போட்டால் திரும்பி வராததை.

ஆனால் இதையெல்லாம் செய்ய முதலில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய வேண்டுமே. அவளைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மணி நேரம் எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அனுப்பினாள். ஏழு லேப் பயிற்சிகளுக்கு இரண்டு மணி நேரம். நோக்கம், அல்காரிதம், நிரல், வெளியீடு, முடிவு என்று கையால் எழுதி, பென்சிலும் அளவுகோலுமாகக் கோடு போடும் ரெக்கார்டை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. 1994-இல் ரோஜர் புஹ்லர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே சொதப்பினால்கூட எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள்: 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையைவிட நடைமுறை ஒரு வாரம் மோசமாக இருந்தது. நாம் வேலையைத் திட்டமிடும்போது அந்த வேலையை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். பிரின்டரில் மை தீர்வதையும், ஜெராக்ஸ் கடை வரிசையையும், மெஸ்ஸில் அன்றைக்குப் பார்த்து நடக்கும் ஒரு மணி நேர அரட்டையையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. புஹ்லர் குழுவின் எண்களை வைத்துப் பார்த்தால் கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே சுமார் 1.6 மடங்கு வித்தியாசம். அது எல்லா வேலைக்கும் பொருந்தும் விதி அல்ல. ஆனாலும் சும்மா அவள் பட்டியலின் எண்களை 1.6-ஆல் பெருக்கிக் கூட்டினோம். தூக்கம், வகுப்பு, சாப்பாடு போக அந்த வாரத்தில் அவளிடம் இருந்த நேரத்தைத் தாண்டிப் போயிற்று.

"அப்ப தூக்கத்தைக் குறைச்சுக்கிறேன்" என்றாள். தூக்கத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சுமை 100 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது புரிகிறது. 95 சதவீதம் என்றால் பரவாயில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஆரம்பித்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணிதர் ஏ.கே. எர்லாங். அழைப்புகள் எப்போது வரும் என்று தெரியாது. இணைப்பகத்தில் எத்தனை கம்பிகள் வைத்தால் போதும்? அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. அதன் எளிய வடிவம் ஒன்று சொல்கிறது: வேலைகள் எதிர்பாராத நேரத்தில் வந்து விழும், அவற்றின் நீளமும் எதிர்பாராதது என்றால், ஒரு வேலை வந்து முடிந்து வெளியேற ஆகும் நேரம், சுமை பாதியாக இருக்கும்போது வேலையின் சொந்த நேரத்தைப் போல 2 மடங்கு. சுமை 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90-இல் 10. 95-இல் 20. கோடு மெல்ல ஏறாது. கடைசியில் செங்குத்தாக எகிறும்.

மாணவியின் செமஸ்டர் முழுக்க அப்படி எதிர்பாராத வரவுகளால் ஆனதல்ல, அட்டவணை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரவு பத்தரைக்கு வகுப்புப் பிரதிநிதி குரூப்பில் போடும் "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஹவர் டெஸ்ட்" எந்த அட்டவணையில் இருக்கிறது? அந்த ஒரு வரியை உள்வாங்கிக்கொள்ள, பாதி நிரம்பிய வாரத்தில் இடம் இருக்கும். 95 சதவீதம் நிரம்பிய வாரத்தில் அது ஒன்றே போதும், அதற்குப் பின்னால் நிற்கும் அத்தனையும் சரிய. நன்றாகத் திட்டமிடும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் வண்ணம் பூசி அட்டவணை போடுகிறவர்கள் சுமையை 100-க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இனி, என் மனசுக்கு மிகப் பிடித்த பகுதி. 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கணினி செயல்படத் தொடங்கியது. டாம் கில்பர்ன் தலைமையில் கட்டியது. அதன் வேகமான நினைவகம் சிறியது, சுமார் 16 ஆயிரம் சொற்கள்தான் கொள்ளும். பக்கத்தில் காந்த உருளைகள், அவற்றில் அதைப்போல ஆறு மடங்கு இடம், ஆனால் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானவை. கில்பர்ன் குழு செய்த தந்திரம்: எல்லாவற்றையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிப்பது. தேவையான பக்கம் வேகமான நினைவகத்தில் இருந்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் இயந்திரமே போய் உருளையிலிருந்து எடுத்து வந்து, இருக்கும் பக்கங்களில் ஒன்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வைக்கும். நிரல் எழுதுகிறவருக்கு நினைவகம் மிகப் பெரிதாகத் தெரியும். மேசை சின்னது, அலமாரி பெரியது, நடுவில் ஓடி ஓடி எடுத்துத்தரும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பரவி, ஒரே இயந்திரத்தில் பல பேரின் நிரல்களை மாற்றி மாற்றி ஓட்ட ஆரம்பித்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. நிரல்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட இயந்திரம் முதலில் அதிக வேலை செய்தது. ஒரு கட்டத்துக்கு மேல் இன்னும் ஒன்றைச் சேர்த்ததும் திடீரென்று எல்லாமே நின்றதுபோல் ஆயிற்று. இயந்திரம் சும்மா இருக்கவில்லை, ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது. ஒரு நிரலுக்கான பக்கத்தைக் கொண்டுவர மற்றொன்றின் பக்கத்தை வெளியே தள்ளும். அடுத்த கணம் அந்த மற்றொன்றின் முறை வரும், தள்ளிய பக்கத்தையே திரும்பக் கொண்டுவர வேண்டும். முழு நேரமும் தூக்கிக்கொண்டு ஓடுவதிலேயே போயிற்று. இதற்குத் திராஷிங் என்று பெயர். கரையில் போட்ட மீன் துள்ளுவதுபோல, அசைவு அதிகம், நகர்வு இல்லை.

எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டினால் சரியாகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பீட்டர் டென்னிங் வேறு மாதிரி யோசித்தார். ஒவ்வொரு நிரலும் அண்மையில் தொட்ட பக்கங்களின் தொகுதி ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வொர்க்கிங் செட் என்று பெயரிட்டார். அது முழுசாக மேசையில் இருந்தால்தான் நிரல் ஓடும். எல்லா நிரல்களின் வொர்க்கிங் செட்டும் சேர்ந்து மேசையில் அடங்கவில்லையென்றால், எந்த மாற்று உத்தியும் உதவாது. ஒரு நிரலை முழுவதுமாக வெளியே எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் அதை மறந்தே போக வேண்டும். 1967 அக்டோபரில் டென்னசி மாநிலத்து காட்லின்பர்க்கில் நடந்த மாநாட்டில் இதை வாசித்தார். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. வாசித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான்.

நம் தலைக்குள் இருக்கும் மேசை அட்லஸைவிடச் சின்னது. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை சுமார் நான்கு துண்டுகள் என்கிறார் நெல்சன் கோவன், 2001-இல் வெளியான தம் ஆய்வில். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு விலை உண்டு என்று ஆர்தர் ஜெர்சில்ட் 1927-லேயே அளந்து காட்டினார். ஆய்வகத்தில் இந்த விலை நொடியின் ஒரு பகுதிதான். அதை வைத்துப் பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் ஆய்வகத்தில் தருவது எண்ணைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்வது போன்ற வேலைகள். டி.ஓ.சி.யில் வரும் பம்பிங் லெம்மாவின் நிரூபணத்தில் பாதி வழியில் இருக்கும் ஒருத்தி, டேட்டாபேஸ் பாடத்து நார்மல் ஃபார்ம் பற்றிய சந்தேகம் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, எந்தச் சரம், எங்கே பிரித்தோம், எதை மறுக்க முயன்றோம் என்று ஒவ்வொரு பக்கமாக உருளையிலிருந்து கொண்டுவர வேண்டும். சோஃபி லெராய் 2009-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், கவனத்தின் எச்சம் என்று: முடிக்காமல் விட்டு வந்த வேலை அடுத்த வேலையின்போதும் மனத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டே இருக்கும்.

அவளிடம் சொன்னேன். "வரிசையை விடும்மா. இதுல எது ஒண்ணு முழுசா வெளிய போகும்?"

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "ஹேக்கத்தான்" என்றாள். "ஆனா டீம்ல எல்லாரும் திட்டுவாங்க."

திட்டத்தான் செய்வார்கள். டென்னிங்கின் கோட்பாட்டில் வெளியேற்றப்படும் நிரல் கோபித்துக்கொள்ளாது.

என்பிடெல் இணையவழிப் பாடம் பற்றி இருவருமே யோசித்தோம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களை மட்டும் கணக்கில் எடுப்பதே வழக்கம் என்பதால், இந்த வாரத்தை விட்டுவிட்டாலும் ஒன்றும் திரும்பி வராது. அதுவும் போயிற்று.

லேப் ரெக்கார்டு விஷயம் தனி. ஒவ்வொரு வாரமும் அதைவிட அவசரமான ஏதோ ஒன்று வந்ததால்தான் ஏழு பயிற்சிகள் சேர்ந்துபோயின. எப்போதும் முக்கியமானதே முந்திக்கொண்டால், முக்கியமற்றது காலம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும். இதற்குப் பட்டினி என்றே பெயர். அட்டையில் டைனோசர் போட்ட அவர்களுடைய ஆபரேட்டிங் சிஸ்டம் பாடப்புத்தகத்தில் ஒரு வதந்தி வரும்: எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 7094 இயந்திரத்தை 1973-இல் நிறுத்தியபோது, 1967-இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் முறை வராமல் காத்திருந்ததாம். வதந்தி என்று புத்தகமே சொல்லிவிடுகிறது. மருந்தும் அங்கேயே இருக்கிறது: காத்திருக்கக் காத்திருக்க அந்த வேலையின் முன்னுரிமையைப் படிப்படியாக உயர்த்துவது. வயசுக்கு மரியாதை, அவ்வளவுதான்.

இதுவரை இயந்திரத்தின் வழியே வந்தோம். ஓரிடத்தில் அது நம்மைக் கைவிட்டுவிடும். செயலிக்கு மறதி இல்லை, கற்றலும் இல்லை. டி.ஓ.சி. யூனிட் 2-ஐ ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட்டுவதும், ஆறு நாள் ஒவ்வொரு மணி நேரமாக ஓட்டுவதும் செயலிக்கு ஒன்றுதான், தாவும் செலவு மிச்சம் என்பதால் முதலாவதுகூட மேல். மூளைக்கு அப்படி இல்லை. எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதனைப் பொருளாக்கிக் கண்டது: இடைவெளி விட்டுப் படித்தது ஒரே இருப்பில் படித்ததைவிட நிற்கும். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பகுதிகளைக் கொடுத்து, ஒன்றை மறுபடி படிக்கவும், மற்றொன்றை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி படித்த பகுதி முந்தியது, 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து 42-க்கு 56, எழுதிப் பார்த்த பகுதி முந்தியது. தேர்வுக்கு முந்தைய இரவில் திரும்பத் திரும்பப் புரட்டும் பழக்கம் ஏன் அவ்வளவு திருப்தி தருகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிடத்துக் கணக்கே விளக்கம்.

அப்படியானால் தாவக் கூடாதா, தாவ வேண்டுமா? இரண்டும் சரி, துண்டின் அளவுதான் விஷயம். சுழல்முறையில் வேலைகளை ஓட்டும்போதும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொன்றுக்கும் தரும் நேரத்துண்டு, தாவும் செலவைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பத்து நிமிடத் துண்டில் பம்பிங் லெம்மா மேசைக்கே வந்து சேராது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்றால் வந்து, வேலை செய்து, திரும்பிப் போகும். மறுநாள் மறுபடி வரும்போது கொஞ்சம் மறந்திருக்கும். அந்த மறதியை மீறி எழுதிப் பார்க்கும் சிரமத்தில்தான் கற்றல் நடக்கிறது.

தூக்கம். 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் இரண்டே மாணவர்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுச் சில நேரம் தூங்குவார்கள், சில நேரம் விழித்திருப்பார்கள்; பிறகு எழுப்பியோ அழைத்தோ கேட்பார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் தூங்கி எழுந்தபோதே அதிகம் நினைவிருந்தது. இரண்டு பேரை வைத்து என்ன முடிவு செய்வது என்று கேட்கலாம். அதற்குப் பின் வந்த நூறாண்டு ஆய்வுகள் அந்தத் திசையிலேயே போயிருக்கின்றன. இதைச் சொன்னபோது அவள், "நைட் அவுட் போட்டாதான் படிச்ச மாதிரி இருக்கு சித்தப்பா" என்றாள். இருக்கும்தான். நானும் அப்படித்தான் படித்தேன், விடிகாலை நான்கு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் டீ குடித்துக்கொண்டு. அந்த செமஸ்டரில் படித்தது எதுவும் இன்று எனக்கு நினைவில்லை, டீயைத் தவிர.

புதன்கிழமை இரவு, இன்டர்னல் எப்படி எழுதினாள் என்று கேட்கலாமென்று போன் போட்டேன். கணினியில் வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட குறுக்கீட்டுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அப்படியே எழுதி வைத்துவிட்டுச் செயலி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மிக நுட்பமான ஒரு பகுதியை ஓட்டும்போது சில குறுக்கீடுகளைத் தற்காலிகமாக மூடிவைக்கவும் அதற்கு வசதி உண்டு. மூடியிருக்கும்போது வந்தவை, திறக்கும்வரை காத்திருக்கும்.

அவள் எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து ஒரு செய்தி வந்தது. "டி.ஓ.சி.ல இருக்கேன். பத்து மணிக்குப் பேசறேன்."